பனியில் விட்ட கரைவலை

தை பிறந்து பதினோராம் நாள், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், சங்குமுனைக் கடற்கரையில் தன் வீட்டு ஊற்றுக்குள் கித்தேரியம்மாள் சிரட்டையை விட்டபோது, சிரட்டை எதிலோ மோதி இரண்டாகப் பிளந்தது. நல்ல சிரட்டையைப் பாழாக்கிய கல் எதுவாக இருந்தாலும் அதன் தாயையும் தகப்பனையும் சேர்த்து வைதுகொண்டே அவள் குனிந்து மணலைத் தள்ளிப் பார்த்தாள். கல் இல்லை. பனிக்கட்டி. கிணறு தோண்டினால் உப்பு வரும், அலைக்கு முப்பதடி தள்ளி மணலை முழங்கை ஆழம் பறித்தால் இனிப்புத் தண்ணீர் கசியும், இதுதான் அந்த ஊர். வீட்டுக்கு ஒரு ஊற்று, ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒரு சண்டை. பனிக்கட்டி கசிந்த ஊற்று அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை.

கித்தேரியம்மாள் துடுப்புக் கட்டையால் ஓங்கி நான்கு போடு போட்டாள். நான்காவது அடியில் கட்டி உடைந்து உள்ளே விழுந்தது, விழுந்த சத்தம் கேட்கவில்லை, அதற்குப் பதிலாக ஒரு காற்று குழியிலிருந்து எழும்பி அவள் முந்தானையைத் தலைக்கு மேலே தூக்கியது. மூக்கு நுனி மரத்துப்போனது. குழிக்குள் வெள்ளை வெளிச்சம், சுண்ணாம்பு அடித்த கோயிலுக்குள் மத்தியானம் நுழைந்ததுபோல. அந்த வெளிச்சத்தின் மறு ஓரத்தில், அவள் எப்படி இங்கிருந்து குனிந்திருந்தாளோ அப்படியே அங்கிருந்து ஒருவன் குனிந்திருந்தான். தாடி முழுக்கப் பனிக்குச்சிகள். கண்ணில் கறுப்புத்துணிக் கட்டு.

"யாரது?" என்றாள்.

"சத்தம் சங்குமுனைச் சத்தமால்லா இருக்கு," என்றது அந்த முகம். "நான் தொம்மை."

"எந்தத் தொம்மை?" தெரிந்தேதான் கேட்டாள்.

"கித்தேரி புருசன் தொம்மை."

"கித்தேரிக்குப் புருசன் இருந்தா மூணு வருசத்துல ஒரு காயிதம் போட்டிருப்பான்."

பனிக்குச்சிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. "இங்க தபால்பெட்டி இல்லட்டி," என்றான் கடைசியில்.

கித்தேரியம்மாள் யாரென்று சொல்ல வேண்டும். பதினொரு வயதில் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்து, தலையில் மீன்கூடை ஏற்றி, ஏமாற்றிய வியாபாரிகளிடமே வியாபாரம் கற்று, முப்பது வயதில் அந்தக் கரையின் மீன் ஏலம் முழுவதையும் தன் தொண்டைக்குள் கொண்டுவந்தவள். அவள் குரல் எடுத்தால் வெளியூர் வியாபாரி தன் விலையைத் தானே ஏற்றிச் சொல்வான். அவள் புருசன் தொம்மையோ முதல் விலைக்கே தலையாட்டுகிறவன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு படகு சீலா மீனை, பாவம் பிள்ளைகுட்டிக்காரன் என்று ஒரு வியாபாரிக்குக் கேட்ட விலைக்கே விட்டுவிட்டு வந்தான். அவள் ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். அவன் தோணியேறிக் கொழும்புக்குப் போனான், கொழும்பில் கப்பலுக்குக் கரி அள்ளினான், ஒரு கப்பலில் கரி அள்ளுகிறவன் காய்ச்சலில் விழுந்ததால் அந்த இடத்துக்கு ஏறினான், அந்தக் கப்பல் தெற்கே, தெற்கே, தெற்கு முடிகிற இடத்துக்குப் போகிற கப்பல்.

அவன் குழி வழியாகச் சொன்ன கதை இதுதான். கப்பல் நான்கு பேரைப் பனிமேல் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெரிய துரை ஒருவர், வாளை மீன் மாதிரி நெட்டையான துரை ஒருவர், சங்கரா மீன் மாதிரிச் செந்தாடித் துரை ஒருவர், நான்காவது தொம்மை. ஒரு மரக்கொட்டகை. நான்கு மாதம் சூரியனே வராமல், சிறுநீர் கழிக்க வெளியே போனவன் பத்தடிக்குள் வழிதவறிச் சாகக்கூடிய காற்றில், இரும்பைத் தொட்டால் விரல்தோல் இரும்போடு போய்விடுகிற குளிரில் இருந்தார்கள். சூரியன் திரும்பி வந்ததும் மூன்று துரைமாரும் நெஞ்சில் வார் கட்டி, சக்கரமில்லாத ஒரு பனிவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு, பூமியின் அடிநுனியில் இதுவரை எந்த மனிதனும் கால் வைக்காத ஓர் இடம் இருக்கிறதாம், அங்கே கால் வைக்கப் போனார்கள். எழுபது நாளில் வருவோம், நீ கொட்டகையில் புகை போட்டுக்கொண்டே இரு, எல்லாம் வெள்ளையாக இருக்கிற ஊரில் புகை தெரிந்தால்தான் வீடு தெரியும் என்றார்கள். இன்றைக்குத் தொண்ணூற்றாறாவது நாள். கடல்நாய்க் கொழுப்பை எரித்துத் தொம்மை புகை போடுகிறான். பனிமேல் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைப் பொசுக்கிவிட்டது, கட்டு போட்டிருக்கிறான். கால்விரல் ஐந்து கறுத்துவிட்டது. பிஸ்கோத்து அரை டப்பா.

இது எப்படி நடந்தது என்று கேட்டு சங்குமுனைக்காரர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. மீன்பாடு குறைந்த மாதத்தில் கடவுள் ஒன்றைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், கூடையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. "நாம தலமுற தலமுறையாப் பனிமய மாதாவக் கும்புடுதோம்," என்றாள் பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள். "பனின்னா என்னன்னு ஒருத்தியாவது பாத்தோமா? மாதா அனுப்புன சரக்கு இப்பத்தான் வந்து சேந்திருக்கு." அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது. மறுநாளே குழியைச் சுற்றி ஓலைத்தட்டி எழும்பியது. காய்ச்சல்காரர்கள் நெற்றியை நீட்டி வரிசையில் நின்றார்கள். சாளை மீன் மூன்று நாள் ஆனாலும் கண் கலங்காமல் கிடந்தது. அந்தப் பக்கம் சூரியன் விழாமலே சுற்றிக்கொண்டிருந்ததால் குழி வெளிச்சத்தில் பெண்கள் பொழுது சாய்ந்த பிறகும் கிழிந்த வலை பொத்தினார்கள். உப்பு இன்ஸ்பெக்டர் வந்து, பனிக்கட்டிக்குத் தீர்வை உண்டா என்று தன் புத்தகத்தைப் புரட்டி, அதற்குப் பத்தி இல்லாததால் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். குழி வழியாக ஒரு பறவையும் ஏறி வந்தது; கறுப்பு அங்கி, வெள்ளை நெஞ்சு, பறக்கத் தெரியாது, கையைப் பின்னால் கட்டினதுபோல் நடை. ஏலம் நடக்கிற இடத்தில் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்ததால் அதற்கு உபதேசியார் என்று பேர் விழுந்தது. கோயிலில் ஜெபம் சொல்லித்தருகிற உண்மையான உபதேசியார் ஒரு வாரம் யாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஆள்தான் இந்த அதிசயத்தில் நிம்மதி இல்லாமல் இருந்தாள். முதல் நாள் வண்டிச்சக்கரம் நுழைகிற அகலத்தில் இருந்த குழி, இரண்டாம் நாள் அவ்வளவு இல்லை. கித்தேரியம்மாள் தன் மீன்கூடையைக் கவிழ்த்து வைத்து அளந்தாள். அங்கே சூரியன் தாழத் தாழ, விளிம்பில் பனி வளர்ந்து குழி சிறுத்துக்கொண்டே வந்தது. நாளுக்கு இரண்டு விரல்.

"இந்தாரும், ஏறி வாரும்," என்றாள்.

"வரமாட்டேன்."

"என்னது?"

"நான் வந்துட்டா புகை நின்னுபோவும். அவிய மூணு பேரும் வழி தெரியாமச் செத்துப் போவாவ."

அவ்வளவுதான், கித்தேரியம்மாள் தோள்வரைக்கும் குழிக்குள் இறங்கி, புருசனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவன் பனிக்கோடரியை ஐஸில் கொத்திப் பிடித்துக்கொண்டான். பூமியின் இரண்டு பக்கத்திலிருந்தும் புருசன் பெண்டாட்டி மல்லுக்கு நின்றதை ஊரே தட்டிக்கு வெளியில் நின்று பார்த்தது. கடைசியில் அவள் கையில் ஒரு பிடி மயிரும் பனியும்தான் மிஞ்சியது.

"வெள்ளைக்காரன் மூணு பேரு உமக்கு என்னவே சொந்தம்? மாமனா, மச்சானா?"

"பனிக்குள்ள வெடிப்பு இருக்கும்ட்டி. மேல மூடிக்கிடக்கும், கால வச்சாப் பாதாளம். நான் விழுந்தேன். என் இடுப்புக் கயித்த மூணு பேரும் புடிச்சாவ. ஒரு மணி நேரம். காத்து அடிச்ச அடியில பெரிய துரை கன்னம் வெந்து தோலு தொங்குது. கயித்த விடல." மூச்சு வாங்கினான். "விட்டிருந்தா யாரு கேக்கப்போறா? கரி அள்ளுதவன்தான?"

அவள் அடுத்து செய்தது நல்ல காரியம் இல்லை. ஆனால் பேரம் தெரிந்த எவளும் செய்வதுதான். சாப்பாட்டை நிறுத்தினாள். அதுவரை தூக்குச்சட்டியில் கட்டி இறக்கிய கருவாட்டுக் குழம்பும் சோறும் நின்றன. பசித்தால் வருவான். ஒரு நாள் போயிற்று. அவன் கேட்கவில்லை. இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தாள். அவன் கொழுப்பை நெருப்பில் போட்டுவிட்டு, பூட்ஸின் நாக்குத்தோலை அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, மெதுவாக, ஒரு குழந்தை பலகாரம் தின்பதுபோல ருசித்து மென்றுகொண்டிருந்தான். அந்தக் கொழுப்பை அவனே தின்றிருக்கலாம். தின்னாமல் புகையாக்கிக்கொண்டிருந்தான்.

கித்தேரியம்மாள் அன்றைக்கு ஏலத்தில் மூன்று வியாபாரிகளை அழவைத்தாள், வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதுவதாகச் சொல்லித் தானும் அழுதாள், பிறகு இரண்டு நாள் சோற்றையும் சேர்த்துக் கட்டி இறக்கினாள். "தின்னு தொலையும்," என்றாள். "பேரத்துல எங்கிட்ட ஜெயிச்ச ஒரே ஆளு நீருதான்."

கண்ணுக்கு மருந்து ஊர் கொடுத்தது. கைக்குழந்தைக்காரி பவுலியாள் தாய்ப்பாலைச் சங்கில் பீய்ச்சி அனுப்பினாள், வேளைக்கு இரண்டு சொட்டு. மூன்றாம் நாள் தொம்மை கட்டை அவிழ்த்தான். நான்காம் நாள் அவன் கத்திய சத்தம் குழியைத் தாண்டிக் கரையில் கேட்டது.

"கூடாரம்! கூடாரம் தெரியுது! ஒரு மைலு இருக்கும். துணி அசையுது... அசையுது, உள்ள ஆளு இருக்கு!"

அவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். பூமியின் நுனியில் கால் வைத்துவிட்டு, எண்ணூறு மைல் இழுத்துக்கொண்டு வந்து, கொட்டகைக்கு ஒரு மைல் இருக்கும்போது காலில் உயிர் தீர்ந்து விழுந்து, அவன் கண்கட்டோடு புகை போட்ட ஒன்பது நாளும் அங்கேயே கிடந்திருக்கிறார்கள். அவன் நொண்டி நொண்டிப் போய் வந்தான். மூன்று பேருக்கும் மூச்சு இருக்கிறது, எழுந்திருக்க மாட்டார்கள், வண்டியில் தூக்கிப்போட்டுக் கட்டிவிடலாம், இழுக்கத்தான் அவன் ஒருவனால் முடியாது. கித்தேரியம்மாள் கூடையைக் கவிழ்த்து அளந்தாள். கூடைக்கும் குழி விளிம்புக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் மீதி.

"ஒரு மைலுக்கு எத்தன பாகம் கயிறு வேணும்?" என்றாள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.

கரைவலை என்பது இப்படி: படகில் போய் வலையை அரை வட்டமாக விட்டுவிட்டு, இரண்டு தலைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, ஊர் கூடி நின்று இழுப்பார்கள். வலையின் நடுவே மீன் சேர்கிற பைக்கு மடி என்று பேர். படகும் வலையும் கயிறும் சம்மாட்டி என்கிற முதலாளியுடையது. மடியில் வந்ததில் பாதி அவருக்கு. மீதிப் பாதி, கயிற்றில் கை வைத்த அத்தனை பேருக்கும் சமம், நொண்டியானாலும், வழிப்போக்கனானாலும், கடைசிப் பாகத்தில் வந்து தொட்டவனானாலும். சங்குமுனையில் கயிறு இருந்தது கஸ்பார் சம்மாட்டியிடம். குடை பிடித்துக்கொண்டு நிழலில் நிற்கிற மனிதர்.

"எல்லாக் கயித்தையும் முடிஞ்சு தாரேன் கித்தேரி," என்றார். "வழக்கப்படி பாதி."

"மனுசரு செத்துக்கிட்டு இருக்காவ, நீரு பாதி கேக்கீரோ?"

"அவிய துரைமாரு. பூமிக்கு அந்தப் பக்கம் போய் என்னத்த அள்ளிட்டு வாராவளோ, தங்கமோ வைரமோ. மடியில வந்தது எதுவானாலும் பாதி. கோயில் முன்னால நின்னு சொல்லு, இப்பவே கயிறு வருது."

எந்த விலையையும் மூன்று முறை திருப்பி அடிக்காமல் ஒப்புக்கொள்ளாதவள், கூடையைச் சுற்றி ஒரு கை அகலமே மீதி இருக்கிற அவசரத்தில், கோயில் படியில் நின்று, மடியில் வந்தது எதுவானாலும் பாதி என்று முதல் விலைக்கே தலையாட்டினாள்.

தொம்மைதான் படகு. காலையில் கயிற்றுத் தலையை இடுப்பில் கட்டிக்கொண்டு பனிமேல் கிளம்பினான். கயிறு குழிக்குள் சாரைப்பாம்புபோல வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தது, ஒரு சுருள், இரண்டு சுருள், இருபது சுருள். நடுவில் சில நேரம் நின்றது, நின்றபோதெல்லாம் ஊர் ஜெபமாலையைத் தொட்டது, மறுபடி போனது. வெயில் உச்சி திரும்பும்போது கயிறு மூன்று முறை வெட்டி வெட்டி இழுத்தது.

"கட்டிட்டாவ! பிடிங்க!"

பிடித்தார்கள். ஆணும் பெண்ணும், மீசை நரைத்தவனும் மீசை முளைக்காதவனும், உபதேசியாரும், அவருக்குப் பின்னால் பறவை உபதேசியாரும். அம்பாப் பாட்டு எழும்பியது.

"ஏலேலோ ஏலேலோ, எட்டி இழு ஏலேலோ,
வெள்ளக் கடல் ஏலேலோ, வெறச்ச கடல் ஏலேலோ,
அல இல்லாக் கடலுக்குள்ள ஏலேலோ
ஆளு வாரான் ஏலேலோ!"

கயிறு வந்தது. வந்த கயிறு பனி பூசி வெள்ளையாக வந்தது, பிடித்த கைகளில் சூட்டுக்கோல்போலச் சுட்டது, மணலில் சுருள் சுருளாக விழுந்து வெயிலில் புகைந்தது. ஒரு மைல் பனி அந்தக் கயிற்றில் ஏறி ஒவ்வொருவர் எலும்புக்குள்ளும் போனது. பாடிக்கொண்டிருந்தவர்களின் வாயிலிருந்து தைமாதத்து வெயிலில் ஆவி பறந்தது. கண்ணை மூடி இழுத்தவர்கள், தங்கள் காலடியில் மணல் இல்லை, நொறுங்குகிற உறைபனிதான் என்று பிறகு சத்தியம் செய்தார்கள். நெஞ்சில் வார் கட்டிக்கொண்டு யாரோ மூன்று பேர் தங்களுக்கு முன்னால் குனிந்து நடப்பதைக் கண்டதாகவும் சொன்னார்கள். நடந்துகொண்டே இருந்தார்களாம். திரும்பியே பார்க்கவில்லையாம்.

குழிப் பக்கம் காவல் நின்றவள் மிக்கேலம்மாள். கறுப்பாக எதுவோ வெளிச்சத்தை மறைப்பதைப் பார்த்தாள். தலைமுறை தலைமுறையாகக் கரைவலைக்காரி. வாய் தானாகத் திறந்தது.

"மடி தெரியுது! மடி தெரியுது!"

கரைவலையில் மடி தெரிந்தால் என்ன செய்வார்கள்? கயிற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடுவார்கள், மீன் தப்புமுன் மடியைக் கையால் அள்ளித் தூக்க வேண்டும். பிறந்ததிலிருந்து செய்தது அது. அந்தச் சத்தம் கேட்டதும் நூற்றிருபது பேரும், ஒரே ஆளைப்போல, கயிற்றைப் போட்டுவிட்டுக் குழியைப் பார்த்து ஓடினார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் கடல் இல்லை. குழிவாய் பனிமேட்டின் உச்சியில் இருந்தது. சரிவில் தொங்கிய வண்டி, மூன்று ஆளோடும் அவர்கள் விடாமல் கொண்டுவந்த மூட்டையோடும், பின்னாலிருந்து தோள்கொடுத்துத் தள்ளிய தொம்மையின் மேலேயே சரியத் தொடங்கியது. மணலில் கிடந்த கயிறு உயிர் பெற்று, சீறிக்கொண்டு குழிக்குள் திரும்பி ஓடியது.

கித்தேரியம்மாள் மட்டும் விடவில்லை. அவள் புத்திசாலி என்பதால் இல்லை. கையில் பிடித்ததை விட்டுப் பழக்கம் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போனது. இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக் குதிங்காலை மணலில் ஊன்றினாள். கயிறு அவளை மணலில் உழுதுகொண்டு போய், ஓடிவந்தவர்கள் விலகி விழ, கால் முன்னாலே குழிக்குள் இழுத்துச் சொருகியது, முழங்கை இரண்டையும் விளிம்பில் ஊன்றி இடுப்போடு நின்றாள். பாதி உடம்பு சங்குமுனை வெயிலில். பாதி உடம்பு பூமியின் அடியில். இடுப்புக் கயிறு இறுகி மூச்சு நின்றது.

"சவத்து மூதிகளா!" மீதி இருந்த மூச்சில் கத்தினாள். "கயித்த விட்டுட்டு என்னத்தப் புடுங்க ஓடுதிய? அந்த வெள்ளைக்காரன் புடிச்சான்ல, பெத்த தாயா, பொறந்த அண்ணனா, கரி அள்ளுதவன ஒரு மணி நேரம் புடிச்சான்ல!"

அந்தப் பக்கம், சரிவில் வண்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த தொம்மை தலைநிமிர்ந்தபோது, பனிக்குள்ளிருந்து இரண்டு கால்கள் முளைத்து ஆகாயத்தைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பித்தவெடிப்புக் குதிங்காலை அவன் எந்தக் கண்ணோடும் கண்டுபிடிப்பான். எட்டிப் பிடித்தான். அவள் காலில் பட்ட அந்தக் கை குளிரில்லை, அதற்கும் அப்பால் போன ஒன்று, கங்கு மாதிரி சுட்டது. உதைப்பதை நிறுத்தினாள். படகு கட்ட முளைக்குச்சி கிடைத்த மாதிரி அவன் வண்டிக் கயிற்றை அவள் இரண்டு கணுக்காலிலும் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். வண்டி நின்றது.

வெட்கப்பட்ட ஊர் மாதிரி இழுக்கிற ஊர் வேறு இல்லை. அவள் அக்குளில் கைகொடுத்தார்கள், இடுப்புக் கயிற்றைப் பிடித்தார்கள், பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல் இழுத்தார்கள். முதலில் அவள் வந்தாள். அவள் காலைத் தொடர்ந்து கயிறு, கயிற்றைத் தொடர்ந்து குழிவிளிம்பை இரண்டு பக்கமும் உரசிப் பனிச் சீவல் தெறிக்க வண்டி, வண்டியில் தோல்மூட்டைகளாக மூன்று துரைமார், வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக, ஒரு தோள் சிக்கி, அந்தத் தோளைக் குறுக்கி, சட்டை கிழிந்து, தொம்மை. அவன் பாதம் வெளியே வந்ததும் குழி ஒரு பெருமூச்சு விட்டு மூடியது. சற்றுநேரத்தில் அந்த இடத்தில் இனிப்புத் தண்ணீர் கசிந்தது.

கஞ்சி கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். ஒட்டிய கன்னமும் வெந்த மூக்குமாகக் கிடந்த மூன்று பேரும் சூரியனையும் தென்னையையும் கறுப்பு முகங்களையும் பார்த்து, நாம் செத்துவிட்டோம், பரவாயில்லை, நல்ல இடம்தான் என்பதுபோல அமைதியாக இருந்தார்கள். அப்போது கஸ்பார் சம்மாட்டி குடையை மடக்கினார்.

"மடியில நாலு தல. பாதி ரெண்டு," என்றார். "பெரிய துரை எனக்கு, சர்க்கார் அவருக்காக ஏதாவது செய்யும். இன்னொண்ணு தொம்மை. படகுக்கு ஆள் வேணும், வருசக்கணக்குல எங்கிட்டக் கிடக்கட்டும். கித்தேரி கோயில் படியில நின்னு சொன்ன வார்த்த."

கூட்டம் முணுமுணுத்தது, ஆனால் மறுக்கவில்லை. வழக்கம் வழக்கம்தான். அதை உடைத்தால் நாளைக்கு யாருக்கும் பங்கு கிடைக்காது. கித்தேரியம்மாள் எழுந்தாள். இரண்டு உள்ளங்கையும் பச்சைப் புண். முதல் விலைக்குத் தலையாட்டினவள், இந்த முறை அவசரப்படவில்லை.

"சரி சம்மாட்டியாரே. வழக்கம். கயித்துல கை வச்சவன் யாரு?"

"பங்காளி."

"பங்காளி மீனா?"

"அது எப்படி மீனாவான்?"

"இந்தாரும், கையக் காட்டும்," என்றாள் புருசனிடம். தொம்மை உள்ளங்கையை விரித்தான். கயிற்றுத் தடம், குறுக்கே, கறுப்பாக. அவள் சம்மாட்டி பக்கம் திரும்பினாள். "அந்தத் தலையில கயித்தப் புடிச்சது யாரு, உம்ம அப்பனா? இவனும் பங்காளி." பெரிய துரைக்கு அவள் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை; ஆனால் விரித்த கையைப் பார்த்தார், பார்த்துவிட்டு மெதுவாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சுக்குக் குறுக்கே, தொண்ணூறு நாள் வண்டி இழுத்த வார் தோலைத் தின்று எலும்புவரை எழுதிய கோடு. வாளைத் துரையும் திறந்தார். செந்தாடித் துரையும்.

கரையில் நின்ற ஒவ்வொருவரும் தன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கையிலும் அதே கோடு இருந்தது, கஸ்பார் சம்மாட்டியின் கையைத் தவிர.

"நாலு பேரும் பங்காளி," என்றார் உபதேசியார், கோயிலில் பேசுகிற குரலில். "மடியில வந்தது மூட்ட மட்டுந்தான். அதப் பிரிங்க."

மூட்டையைப் பிரித்தார்கள். தங்கம் இல்லை, வைரமும் இல்லை. கல். கறுப்பும் சாம்பலுமாகக் கல், சிலவற்றில் இலைபோல ஏதோ பதிந்திருந்தது, எல்லாம் குளிர்ந்த கல். சாகிற கட்டத்தில் சோற்றைத் தூக்கி எறிந்தவர்கள் இதை எறியவில்லை. சம்மாட்டி தன் பாதியை வாங்கிக்கொண்டார், வாங்காவிட்டால் சிரிப்பார்களே. ஆள் வைத்துத் தூக்கிப் போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். மீதியைச் சுத்தியலால் தட்டி, மீனுக்குக் கூறு வைப்பதுபோல மணலில் கூறு வைத்தார்கள், நூற்றுச் சொச்சம் கூறு. எண்ணூறு மைல் இழுத்த கல் ஒவ்வொன்றாக வீட்டு வீட்டுக்குப் போவதைப் பெரிய துரை பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கக் கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். கடைசியில் அவர் கையிலும் ஒரு கூறு வந்தது, எல்லாரையும்போல. அதை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அந்தக் கல்லைத் தண்ணீர்ப் பானையில் போட்டால் பல் கூசக் குளிரும் என்று மறுநாளே கண்டுபிடித்தவள் பவுலியாள்; சித்திரையிலும் குளிர்ந்தது.

"ஏட்டி கித்தேரி, ஒன் கூறு," என்று கூப்பிட்டார்கள்.

"ரெண்டு வையி. எம் புருசனும் பங்காளிதான்."

வாங்கினாள். கால்விரல் கறுத்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்த தொம்மையின் மடியில் இரண்டு கல்லையும் வைத்தாள். திரும்பி, அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏறும்."

"ஊரு பாக்குது கித்தேரி."

"பாத்துட்டுப் போவட்டும். நீரு கல்லச் சுமவும், நான் உம்மச் சுமக்கேன்."

முதுகில் ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் நடந்தாள். அவன் மீன்கூடைக் கனம்கூட இல்லை, எலும்பும் தாடியும்தான். அவன் நெஞ்சுக்கும் அவள் முதுகுக்கும் நடுவே இரண்டு கல்லும் குளிர்ந்துகொண்டே வந்தன. அவள் வைதுகொண்டே வந்தாள்: கொழும்பை வைதாள், கப்பலை வைதாள், கல்லுக்காகச் சோற்றை எறிகிற ஜாதியை வைதாள், பூட்ஸ்தோலைத் தின்றவனின் பல்லை வைதாள். பாதி மேட்டில் அவன் தாடை அவள் தோளில் கனத்தது. அத்தனை நாள் நெருப்பு காத்தவன் தூங்கிவிட்டான். கித்தேரியம்மாள் அதைத் தெரிந்துகொண்டு, வைவதை நிறுத்தாமல், அவன் விழித்துவிடாதபடி குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.